ஜனவரியா, மார்ச்சா, சித்திரையா? வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து இலக்கு எழுதுகிறவர்களுக்கு

எங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு காலண்டர் தொங்குகிறது. ஒன்று மிளகாய் மொத்த வியாபாரி கொடுத்தது, ஜனவரியில் தொடங்கும். இன்னொன்று கோயிலில் வாங்கியது, சித்திரையில் தொடங்கும். அப்புறம் கடை மேசை இழுப்பறையில் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது, அது மார்ச் 1-ல் தொடங்கி பிப்ரவரி கடைசி நாளில் முடியும், ஏனென்றால் தென்னாப்பிரிக்காவில் தனி ஆட்களுக்கு வரி வருடம் அதுதான். ஆக எங்களுக்கு வருடத்தில் மூன்று புது வருடம். மூன்றிலும் "இந்த வருடமாவது" என்று ஒரு பட்டியல் எழுதிப் பார்த்திருக்கிறேன், ஆறு வருடமாக மாற்றி மாற்றி. வீட்டோடு சேர்த்துச் சிறு வியாபாரம் நடத்துகிறவர்களுக்கு எது ஒத்துவரும், எது வராது என்று இப்போதுதான் ஒரு தெளிவு வந்திருக்கிறது, அதை எழுதி வைக்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி டர்பன் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து 14 வருடம் ஆகிறது. கராஜை மாற்றிக் கட்டி அதில் மசாலா அரைத்து விற்கிறோம், தீபாவளிக்கு இனிப்பும் முறுக்கும் பெட்டி போட்டுக் கொடுக்கிறோம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, சாயங்காலமும் சனிக்கிழமையும்தான் கடைக்கு வருவார். உதவிக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம், பெரிய கம்பெனிக்காரர்களுக்கு எழுதிய யோசனைகளை அப்படியே எடுத்து இந்த அளவுக் கடையில் வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் ஜனவரி 1. இதற்கு ஒரு நியாயமான பலம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: வாரத்தின் தொடக்கம், மாதத் தொடக்கம், வருடத் தொடக்கம், பிறந்தநாளுக்கு அடுத்த நாட்கள், இந்த மாதிரி ஒரு கோடு விழுகிற நாட்களில் மக்கள் ஜிம்முக்குப் போவதும், உடல் எடை குறைப்பதைப் பற்றித் தேடுவதும் கூடுகிறது என்று. பழைய தவறெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்ட மாதிரி ஒரு உணர்வு வருகிறதாம். சரி, ஆனால் அந்த ஆய்வையே கவனித்துப் பாருங்கள், திங்கட்கிழமைக்கும் அந்தச் சக்தி உண்டு, பிறந்தநாளுக்கும் உண்டு. ஜனவரிக்கு மட்டும் யாரும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை.

இங்கே டர்பனில் ஜனவரி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல இடங்களில் டிசம்பர் சம்பளத்தை மாத நடுவிலேயே கொடுத்துவிடுவார்கள், அது ஜனவரி கடைசிவரை ஓட வேண்டும். நடுவில் பள்ளிக்கூடம் திறக்கும், சீருடை, ஷூ, நோட்டு, எல்லாம் அந்த ஒரே மாதத்தில். ஜனவரியையும் கவலையையும் ஒட்டி 'ஜனுவொரி' என்றே இந்த நாட்டில் எல்லா இனத்தாரும் சொல்கிறார்கள். அதே மாதத்தில் அல்லது அடுத்த மாதத்தில் தைப்பூசக் காவடி, அதற்கு முன்னால் விரதம், கறி மசாலா வாங்குகிறவர்கள் பாதியாகக் குறைவார்கள். வெயிலும் புழுக்கமும் வேறு. இந்த நிலைமையில் உட்கார்ந்து வியாபார இலக்கு எழுதினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, கல்லாவைப் பார்த்துப் பயந்து போய்க் குறைவாக எழுதுவோம். இல்லையென்றால் டிசம்பர் கூட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கும், அளவுக்கு மேல் எழுதுவோம்.

நான் இரண்டாவது தவறைச் செய்தேன். ஜொகானஸ்பர்க் பக்கத்திலிருந்து கடற்கரைக்கு வருகிற கூட்டம் ஊருக்குத் திரும்பும்போது மசாலா வாங்கிக்கொண்டு போகும், அப்படி ஒரு டிசம்பரில் 140 கிலோ விற்றோம். டிசம்பர் 30 ராத்திரி அதை வைத்தே "மாதம் 120 கிலோ" என்று வருட இலக்கு எழுதி, அதற்குத் தகுந்த மாதிரி காய்ந்த மிளகாயைக் கடனுக்கு எடுத்தேன். ஜனவரியில் விற்றது 45 கிலோ. மிளகாய் மூட்டை டர்பன் ஈரக் காற்றில் பூசணம் பிடித்தது, கடனை அடைக்க ஏப்ரல் ஆனது. யாரையும் குறை சொல்ல முடியாது, நான் எழுதிய எண், நான் எடுத்த கடன்.

அதனால் வியாபாரம் நடத்துகிறவர்களுக்கு ஜனவரியை நான் இலக்குக்குப் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணிப் பார்க்க மட்டும் அது அருமையான மாதம். கூட்டம் இருக்காது, சரக்கை இறக்கி எடை போடலாம், யார் யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் எடுக்கலாம், போன 12 மாதத்தில் எந்த மசாலா எந்த மாதம் எத்தனை கிலோ போனது என்று ஒரு தாளில் வரைந்து வைக்கலாம். மாதச் சம்பளம் மட்டும் வாங்குகிறவர்களுக்கு விஷயம் வேறு, அவர்களுக்கு ஜனவரியே போதும், பிள்ளைகளின் பள்ளி வருடமும் இங்கே ஜனவரியில்தான் தொடங்குகிறது.

அடுத்து நம் மாதங்கள், தையும் சித்திரையும். "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்று எங்கள் அம்மா வருடா வருடம் போனில் சொல்வாள், அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெம்பு வரும். ஆனால் அந்தப் பழமொழி அறுவடை முடிந்து கையில் நெல் இருக்கிற ஊரில் பிறந்தது. எங்களுக்கு இங்கே தை என்பது கையில் காசு இல்லாத மாதம், பூமியின் தென்பாதியில் இருப்பதால் அந்த மாதத்தில் பகல் நீளாமல் குறைய ஆரம்பிக்கிறது. பொங்கலுக்கு இங்கே அரசு விடுமுறையும் கிடையாது. காலையில் பால் பொங்க வைத்துவிட்டு அவர் துறைமுகத்துக்கு ஓடுவார், நான் ஷட்டரைத் தூக்குவேன். உட்கார்ந்து யோசிக்க நேரம் எங்கே?

சித்திரை 1, ஏப்ரல் 14, கொஞ்சம் நல்ல இடத்தில் விழுகிறது. வெயில் தணிந்திருக்கும், பிள்ளைகள் பள்ளியில் நிலைத்திருப்பார்கள். குடும்பம், பக்தி, பிள்ளைகளின் தமிழ் என்று மனசு சம்பந்தப்பட்ட இலக்குகளுக்கு இந்த நாள்போல வேறு நாள் இல்லை என்றே நினைக்கிறேன். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கின கூலிக்காரர்களின் வழிவந்த குடும்பம் என் கணவருடையது. என் மாமியாருக்குப் பேச்சுத் தமிழ் பாதிதான் வரும், ஆனால் பிள்ளைகளைச் சித்திரை 1 அன்று காலையில் மடியில் உட்கார வைத்து அ, ஆ எழுத வைப்பார். அந்த ஒரு பழக்கத்தால்தான் என் இரண்டு பிள்ளைகளும் இன்று எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள், "ஆயா சொன்னாங்க" என்றால் மறுபேச்சு இல்லை. ஆனால் கடைக் கணக்குக்கு அந்தத் தேதியால் உபயோகம் இல்லை, வரி வருடம் தொடங்கி ஒன்றரை மாதம் கழித்து வருகிறது, எந்தக் கணக்கோடும் ஒட்டாது.

இனி மார்ச் 1. இதைச் சொன்னால் முதலில் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள், நானும் சுளித்தேன். யாரும் வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள், கோலம் கிடையாது, புதுத்துணி கிடையாது, பிப்ரவரி போய் மார்ச் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் எங்களைப் போல சொந்தப் பெயரில் வியாபாரம் செய்கிறவர்களுக்குப் பணம் எந்தத் தேதிகளில் கையை விட்டுப் போகிறது என்று பாருங்கள். சார்ஸ் என்று எல்லோரும் சொல்கிற வரித்துறைக்கு முன்கூட்டியே கட்டுகிற வரி இரண்டு தவணை, முதல் தவணை ஆகஸ்ட் கடைசிக்குள், இரண்டாவது பிப்ரவரி கடைசிக்குள். வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் ஒரு வருடத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்ற வரம்பு மார்ச் 1-ல்தான் புதிதாகத் தொடங்குகிறது, போன வருடம் போடாமல் விட்டதை இந்த வருடம் சேர்த்துப் போட முடியாது, மீறிப் போட்டால் மீறின தொகைக்கு 40 சதவீதம் அபராத வரி. ஓய்வூதியத்துக்குப் போடுகிற பணத்துக்கு வரிக்கழிவு வேண்டுமென்றாலும் பிப்ரவரிக்குள் போட்டாக வேண்டும். ஜனவரியில் "இந்த வருடம் சேமிக்க வேண்டும்" என்று எழுதுகிறவர் உண்மையில் இரண்டு வரி வருடங்களின் மேல் ஒவ்வொரு கால் வைத்து நிற்கிறார், பிப்ரவரி முடிந்ததும் அவர் கணக்கு இரண்டாக உடைகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது, மார்ச்சில் தொடங்கி வருடத்தை நான்காக மடித்தால் ஒவ்வொரு மடிப்பும் நம் கடையின் ஒரு பருவத்தோடு பொருந்துகிறது. மார்ச், ஏப்ரல், மே: கையில் பணம் நிதானமாகப் புரள ஆரம்பிக்கிற காலம், பங்குனி, ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் திருவிழா, சித்திரை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்: குளிர்காலம், சூடாகச் சாப்பிடுவார்கள், ஆடியில் கோயிலுக்குக் கோயில் கூழ் ஊற்றுவார்கள், முடிவில் முதல் வரித் தவணை. செப்டம்பர், அக்டோபர், நவம்பர்: இதுதான் எங்கள் பெரிய பருவம். புரட்டாசி முழுக்க இங்கே ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் கறி மீன் தொட மாட்டார்கள், மீன் மசாலா அப்படியே படுத்துவிடும், அதற்குப் பதில் பருப்பு, காய் சமையலுக்கு வேண்டியது போகும், புரட்டாசி முடிந்த கையோடு தீபாவளிப் பெட்டிகள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி: ஒரு மாதம் வெள்ளம், ஒரு மாதம் வறட்சி, ஒரு மாதம் கணக்கு முடித்து இரண்டாவது தவணை. ஜனவரியில் தொடங்கினால் இந்த டிசம்பரும் ஜனவரியும் வேறு வேறு வருடத்தில் போய் விழுகின்றன, வெள்ளத்தில் சேர்த்ததை வறட்சிக்கு வைக்க வேண்டும் என்பதே தாளில் தெரியாது. என் 140 கிலோ தப்புக்கு மூலகாரணம் அதுதான் என்று மூன்று வருடம் கழித்துத்தான் புரிந்தது.

ஒரு எச்சரிக்கை. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் கணக்கு முடிகிற மாதத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம், அதனால் உங்கள் கணக்கர் என்ன மாதம் போட்டிருக்கிறார் என்று கேட்டுவிட்டு அதற்கு அடுத்த மாதத்தில் தொடங்குங்கள். கம்பெனிப் பதிவு அலுவலகத்துக்கான ஆண்டு அறிக்கை பதிவான தேதியின் ஆண்டுநிறைவை ஒட்டித் தனியாக வரும், அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தேதி முடிந்தது, அடுத்த கேள்வி நீளம். வருட இலக்கா, மூன்று மாத இலக்கா? வருட இலக்குக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய உண்டு. எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல வருடம் இதையே ஆராய்ந்தார்கள், "முடிந்ததைச் செய்" என்பதைவிடத் தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. 1981-ல் ஜார்ஜ் டோரன் எழுதின 'ஸ்மார்ட்' முறையும், தெளிவாக இருக்க வேண்டும், அளக்க முடிய வேண்டும், நாள் குறிக்க வேண்டும் என்கிற அது, அதே திசைதான். தெளிவு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 12 மாதத்துக்குத் தெளிவாக எழுத இந்த ஊர் நம்மை விட்டிருக்கிறதா? 2021 ஜூலையில் எங்கள் குவாசுலு நட்டால் மாகாணத்திலும் கௌடெங் மாகாணத்திலும் கலவரம், கடைகள் எரிந்தன, இரண்டிலும் சேர்த்து 350-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அடுத்த ஏப்ரலிலேயே எங்கள் பக்கம் வெள்ளம், 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பல இடங்களில் நாள்கணக்கில் தண்ணீர் இல்லை. 2023 முழுக்க மின்வெட்டு, எங்கள் அரைக்கிற மில்லை எப்போது ஓட்டுவது என்று மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம், ராத்திரி 2 மணிக்கு எழுந்து அரைத்த நாள் உண்டு. அந்த மூன்று வருடத்திலும் ஜனவரியில் எழுதின வருட இலக்கு ஆகஸ்டுக்குள் செல்லாக்காசு ஆனது. மோசம் என்னவென்றால், இலக்கு உடைந்ததும் மிச்ச மாதங்களைக் கணக்கே பார்க்காமல் விட்டுவிட்டேன், "அடுத்த ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று. மூன்று மாத இலக்கு என்றால் உடைந்தாலும் அதிகபட்சம் 13 வாரம், அடுத்த தாள் காத்திருக்கும்.

வருடத்துக்கு என்று ஒரே ஒரு எண் மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் மெதுவாகச் சேர வேண்டிய விஷயத்துக்கு. எங்களுக்கு அது புது மில். பழைய மில் சூடாகி மசாலா வாசனை போகிறது, புதிதுக்கு 38,000 ராண்ட் வேண்டும், அதை 12-ஆல் வகுத்து எழுதாமல் டிசம்பரில் அதிகமும் ஜனவரியில் பூஜ்யமும் என்று பருவத்துக்குத் தக்கபடி பிரித்து வைத்திருக்கிறோம்.

'ஓ.கே.ஆர்.' என்று ஒன்றைப் பற்றி என் நாத்தனார் மகன் சொன்னான், இன்டெல்லில் ஆண்டி குரோவ் நடத்தி, ஜான் டோயர் 1999-ல் கூகுளுக்குக் கொண்டுபோன முறை. நல்ல முறைதான், நூறு பேர் ஒரே திசையில் நடக்க வேண்டிய இடத்துக்கு. இரண்டு பெண்களும் நானும் உட்கார்ந்து அதை நிரப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: இலக்கை ஒரு வரியில் சொல், அது நடந்ததா என்று காட்டுகிற எண்ணை அதன் கீழே எழுது.

இப்போது எனக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வீட்டு இலக்கும் கடை இலக்கும் தனித்தனி நோட்டிலா, ஒரே தாளிலா?

தனித்தனியாக வை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை அது சரியான யோசனையும்கூட. நானும் இரண்டு நோட்டு வைத்திருந்தேன். பச்சை நோட்டில் கடை: "பங்களாதேஷ் மார்க்கெட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் மேசை போடுவது." சாட்ஸ்வொர்த்தில் அந்தச் சந்தைதான் எங்களைப் போன்றவர்களுக்கு உயிர், காய்கறி வாங்க வருகிறவர்கள் மசாலாவும் வாங்குவார்கள். சிவப்பு நோட்டில் நான்: "சனிக்கிழமை காலை நார்த் பீச் பார்க்ரன், 5 கிலோமீட்டர், வாரம் தவறாமல்." பார்க்ரன் என்பது வாராவாரம் எல்லோரும் கூடிக் கடற்கரையில் நடக்கிற, ஓடுகிற நிகழ்ச்சி. அந்த வருடம் டாக்டர் என் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று சொல்லியிருந்தார், என் மாமனார் சர்க்கரையால் காலை இழந்தவர், அதனால் நான் விளையாட்டாக எழுதவில்லை. இரண்டையும் ஒரே ராத்திரி, ஒரே பேனாவால் எழுதினேன். இரண்டும் ஒரே காலை நேரம் என்பது எனக்கு மே மாதம்தான் உறைத்தது. அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் சந்தைக்குப் போய்விட்டு, நடக்கவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன், எனக்கு மன உறுதி போதாது என்று நினைத்தேன். மன உறுதியில் ஒரு குறையும் இல்லை, ஒரு சனிக்கிழமையை இரண்டு இடத்தில் செலவு எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

பணத்திலும் இதே கதைதான். பிள்ளைகளின் டியூஷனுக்குக் கட்டுகிற பணமும் மல்லி மூட்டைக்குக் கட்டுகிற பணமும் வேறு வேறு நோட்டில் இருந்தால் இரண்டுமே சாத்தியமாகத் தெரியும், ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதினால்தான் எது முதலில் என்று பேச வேண்டி வரும். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு சண்டையாகத்தான் தொடங்கியது, ஆனால் அதன் முடிவில்தான் கடையிலிருந்து எனக்கென்று மாதம் 6,000 ராண்ட் சம்பளம் என்று முதல்முறையாக எழுதினோம். அதற்கு முன்னால் பதினோரு வருடம் கல்லாவிலிருந்து வேண்டும்போது எடுத்துக்கொண்டிருந்தேன், கடை லாபமா நஷ்டமா என்று கேட்டால் எங்கள் இரண்டு பேருக்குமே பதில் தெரியாது. என் சம்பளத்தைக் கழித்துப் பார்த்தபோது சமோசா மாவு வியாபாரம் நஷ்டத்தில் ஓடியது தெரிந்தது, நிறுத்திவிட்டோம்.

ஆகவே ஒரே தாள், அதில் முதலில் வீட்டு வரிகள், அதற்குப் பிறகு மிச்சமிருக்கிற நேரத்தையும் பணத்தையும் வைத்துக் கடை வரிகள். வெளியாட்களோடு கூட்டு வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது பொருந்தாது, உங்கள் சர்க்கரை அளவு கூட்டாளிக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர்களும்கூட வீட்டில் ஒரே தாளில் எழுதிவிட்டுக் கடைப் பகுதியை மட்டும் படியெடுத்து எடுத்துப் போகலாம்.

எழுதுகிற விதத்தில் ஒரு சின்ன விஷயம், ஆனால் பெரிய வித்தியாசம் செய்தது. ஸ்வீடனில் 1,066 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்து 2020-ல் ஒரு ஆய்வு வந்தது. ஏதோ ஒன்றைச் செய்யத் தொடங்குவது என்று தீர்மானம் எடுத்தவர்களில் 58.9 சதவீதம் பேர் வருடக் கடைசியில் வெற்றி என்றார்கள், ஏதோ ஒன்றை விடுவது என்று எடுத்தவர்களில் 47.1 சதவீதம். "ராத்திரி இனிப்புத் தின்னக் கூடாது" என்று நான் வருடக்கணக்காக எழுதி வந்தேன், இனிப்புச் செய்கிற வீட்டில் அது எப்படி நடக்கும்? இப்போது "ஷட்டரை இறக்கியதும் ஒரு கிண்ணம் சுண்டல்" என்று எழுதியிருக்கிறேன். எப்போது, எதற்கு அடுத்து என்று சேர்த்து எழுதுவது பீட்டர் கால்விட்சர் என்ற உளவியலாளர் 1999-லேயே விளக்கின வழி, கடைக்காரர்களுக்கு அது நன்றாக ஒத்துவருகிறது, ஏனென்றால் நமக்கு ஷட்டர் தூக்குவது, கல்லா எண்ணுவது என்று தினமும் தவறாத ஆணிகள் நிறைய இருக்கின்றன, எதில் வேண்டுமானாலும் புதுப் பழக்கத்தை மாட்டலாம்.

ஒரு பழக்கம் தானாக வர எத்தனை நாள் என்று லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் அளந்தார்கள், 2010-ல் வெளியானது: சராசரியாக 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. 13 வாரம் என்பது 91 நாள். அதனால் ஒரு தாளுக்கு ஒரே ஒரு புதுப் பழக்கம் என்று வைத்துக்கொண்டேன், இரண்டு வைத்தபோது இரண்டுமே போனது.

கடை இலக்கில் இன்னொரு தேர்வு இருக்கிறது, முடிவை எழுதுவதா, செய்கையை எழுதுவதா என்று. "மாதம் 90 கிலோ" என்பது முடிவு, அது என் கையில் பாதிதான் இருக்கிறது. "வாரம் மூன்று புதுக் கடைக்கு மாதிரிப் பொட்டலம் கொண்டுபோவது" என் கையில் முழுசாக இருக்கிறது. நான் இரண்டாவதைத்தான் தாளில் எழுதி, முதலாவதை ஓரத்தில் பென்சிலால் குறிக்கிறேன்.

கடைசியாக, யாரிடம் காட்டுவது. தனியாக வைத்துக்கொண்டால் நான் இழுத்தடிப்பேன், கணவரிடம் மட்டும் காட்டினால் அவர் களைப்பாக வருகிற அன்று "சரி விடு" என்பார். எனக்கு உதவியது ஸ்டாக்வெல். ஊரில் நம் சீட்டு மாதிரிதான், மாதாமாதம் எல்லோரும் போடுவது. கறுப்பினப் பெண்கள் காலங்காலமாக நடத்தி வருகிறார்கள், எங்கள் கடையில் வேலை செய்கிற அக்காதான் என்னை அவர் குழுவில் சேர்த்துவிட்டார். பதினோரு பெண்கள், மாதம் ஒரு ஞாயிறு, பணம் எண்ணி முடித்ததும் ஒவ்வொருவரும் போன மாதம் என்ன சொன்னோம், என்ன செய்தோம் என்று இரண்டு நிமிடம் பேசுவோம். பதினோரு பேர் முகத்தைப் பார்த்து "செய்யவில்லை" என்று சொல்வது கஷ்டம், அதற்கு முந்தின நாளாவது போய்ச் செய்துவிடுவேன். நிறைய ஸ்டாக்வெல்களில் சேர்த்த பணத்தை டிசம்பரில் பிரித்துக்கொடுப்பார்கள், பண்டிகைச் செலவுக்கு. எங்கள் குழுவில் இரண்டு வருடம் பேசிப் பேசி அதை ஜனவரி முதல் வாரத்துக்கு மாற்றினோம், இப்போது சீருடைக்கு யாரும் கடன் வாங்குவதில்லை. உங்கள் குழுவில் ஒரே ஒரு விஷயத்தை மாற்ற முடியுமென்றால் இதை மாற்றுங்கள்.

நாங்கள் பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்வோம். மார்ச் 1-க்கு ஒரு விசேஷம் இல்லையே என்ற குறைக்கு அன்றைக்குப் பாயசம் வைக்கிறேன், பிள்ளைகளும் ஒரு வரி எழுதலாம். சித்திரை 1 எங்கள் முதல் தாளின் பாதியில் வருகிறது, மார்ச் 1-லிருந்து சரியாக 44 நாள், அதனால் அன்று கோயிலுக்குப் போய் வந்ததும் தாளை எடுத்துப் பார்ப்போம், மாமியாருக்கும் வாசித்துக் காட்டுவோம்.

இந்த முறை மார்ச் தாளில் இருப்பது இவ்வளவுதான். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை சந்தைக்குக் கணவரும் மூத்தவனும் போவார்கள், அன்று காலை நான் கடற்கரையில் நடப்பேன். ஷட்டர் இறக்கியதும் சுண்டல். மில்லுக்கு மூன்று மாதத்தில் 9,000 ராண்ட். வாரம் மூன்று கடைக்கு மாதிரிப் பொட்டலம், அதில் ஒன்றாவது டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸ் பக்கம். ஐந்தாவது வரி சின்னவள் எழுதியது: "ஆயாவுக்கு நான் தினமும் ஒரு பக்கம் தமிழ் வாசிச்சுக் காட்டணும்." அதற்கு நேரம் எந்த ஆணியில் மாட்டுவது என்று கேட்டேன், ஆயா மாத்திரை போடுகிற நேரம் என்றாள், அப்படியே எழுதிக்கொண்டோம்.